கட்டைக்குத் திறந்த கதவு

"அந்தக் கதவைச் சோதிச்சுப் பார்த்தாங்கன்னா என் விரல் எப்படிம்மா அதுல மாட்டும்? நீங்களே சொல்லுங்க."

கேட்டவர் ஒரு தையல்காரி. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை முழங்கை வரை கட்டி, இரண்டு தலையணைகளின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் கட்டுக்கு வெளியே தெரிந்தன.

கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் அரசாங்கத்தின் ரயில் பாதுகாப்பு மேற்பார்வை அலுவலகத்து ஆய்வாளர். நகர ரயிலை ஓட்டுவது ஒரு கம்பெனி. அது ஒழுங்காக ஓட்டுகிறதா என்று பார்ப்பது இந்த அம்மாளின் அலுவலகம். மூன்று நாளைக்கு முன் நடந்த விபத்துக்கு அறிக்கை எழுதுகிற பொறுப்பு இவர் தலையில் விழுந்திருந்தது. மடியில் நான்கு பக்கப் படிவம் இருந்தது. தையல்காரியின் கேள்விக்கு அதில் கட்டம் எதுவும் இல்லை.

"அதைத்தான் விசாரிக்கிறோம். நடந்ததை உங்க வாயால ஒரு தரம் சொல்லுங்க."

"எத்தனை தரம்? ரயில்காரங்ககிட்ட சொன்னேன், போலீஸ்கிட்ட சொன்னேன். இந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. கேளுங்க, அவங்களே சொல்வாங்க."

பக்கத்துக் கட்டில் அம்மாள் தயாராகத் தலையைத் தூக்கினார்.

"இல்லை, நீங்களே சொல்லுங்க" என்றார் ஆய்வாளர் அவசரமாக.

"ஏறப் போனேன். கதவு மூட ஆரம்பிச்சுடுச்சு. சரி, அடுத்த வண்டியில போயிக்கலாம்னு கையை இழுத்தேன். வரலை. மூணு விரல் உள்ளே, நான் வெளியே. நடுவுல ஏதாவது இருந்தா அது தானா திறந்துக்கும்னு சொல்வாங்க இல்லை? அந்த நம்பிக்கையில நின்னுட்டேன். வண்டி கிளம்பிடுச்சு."

"சத்தம் போட்டீங்களா?"

"பின்னே, தாலாட்டா பாடுவேன்? நான் கத்தறேன், பிளாட்பாரத்துல நின்னவங்க கத்தறாங்க, உள்ளே இருந்தவங்க கண்ணாடியைத் தட்டறாங்க. அத்தனை பேருக்கும் தெரிஞ்சுச்சும்மா. ரயிலுக்குத்தான் தெரியலை."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

"கூடவே ஓடினேன். இந்த வயசுல. பத்துப் பதினஞ்சு எட்டு இருக்கும். அப்புறம் கால் பின்னிடுச்சு. பிளாட்பாரம் கூட்டற அம்மா துடைப்பத்தைப் போட்டுட்டுப் போய்ச் சுவத்துல இருந்த சிவப்புப் பொத்தானை அடிச்சுது. அந்தப் புண்ணியவதியாலதான் இன்னிக்கு உங்ககிட்ட வாயாடிக்கிட்டிருக்கேன்."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"நடுவிரல் நுனியை எடுத்தாச்சு. ஆள்காட்டி விரல் இருக்கும், மடங்காதாம். மடங்காத விரலை வெச்சுக்கிட்டு நான் யாரை ஆள் காட்டப் போறேன்? ஊசி பிடிக்கணும்மா எனக்கு. அதுக்கு மடங்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆய்வாளர் கைப்பையிலிருந்து, கனம் அளக்கிற வெர்னியர் அளவுகோலை எடுத்தார். "இடது கை ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் நீட்டறீங்களா?"

"ஊருக்கே அளவெடுத்த ஆளு நான். எனக்கே அளவா? என்ன தைக்கப் போறீங்க?"

விரலின் கனம் பதினைந்து மில்லிமீட்டர். ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார். பன்னிரண்டு மில்லி கனமுள்ள எது நடுவில் இருந்தாலும் ரயில் கதவு மூடாமல் திரும்பத் திறக்க வேண்டும் என்பது விதி. அப்படித் திறக்கிறதா என்று தினமும் காலையில், வண்டி கிளம்புவதற்கு முன், ஒரு மரக்கட்டையை நடுவில் பிடித்துச் சோதிக்க வேண்டும். விபத்து நடந்த காலையிலும் அந்தக் கதவுக்கு எதிரே பதிவேட்டில் "சரி" என்று எழுதியிருந்தது.

பதினைந்து மில்லி விரலுக்குக் கதவு திறக்கவில்லை. அப்படியென்றால் கட்டையை வைத்துப் பார்க்காமலே ஒருவன் "சரி" போட்டிருக்கிறான். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது ஆய்வாளர் அப்படித்தான் நினைத்தார். வேறு எப்படி நினைக்க முடியும்?

*

ரயில் பணிமனை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ரயில் நிலையத்து டிக்கெட் கவுன்டரில் வேலை செய்கிறவர்களின் நீலச் சட்டை. ஆய்வாளரின் காரைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். நான் கதவுக்காரர் வீட்டுக்காரி."

காலைச் சோதனைக்கு ஏழெட்டுப் பேர் இருந்தாலும், கதவுக்காரர் என்றால் அந்தப் பணிமனையில் ஒருவர்தான். ரயில் கதவுகளைச் சோதித்துச் சரிபண்ணுகிற மெக்கானிக். பதிவேட்டில் "சரி" போட்டவர். இரண்டு நாளாக சஸ்பெண்டில் இருப்பவர்.

"நீங்க என்கிட்ட தனியாப் பேசக் கூடாதும்மா. விசாரணை நடக்குது."

"சிபாரிசுக்கு வரலை அக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். வீட்டுல கேஸ் மூடியிருக்கான்னு தினம் மூணு தரம் எழுந்து போய்ப் பார்க்கிற மனுஷன் அவர். மூணாவது தரம் போறப்ப நான் திட்டுவேன். அப்படிப்பட்டவர் பார்க்காம எழுதிட்டார்னு சொல்றாங்க."

"அதைத்தான் பார்க்க வந்திருக்கேன்."

"கவுன்டர்ல டிக்கெட் வாங்கறவங்க சில்லறை வாங்கறப்ப என் விரலைப் பார்க்கறாங்க அக்கா. அவர் பெண்டாட்டி நான்னு யாரோ சொல்லிட்டாங்க போல. இன்னிக்கு நாலு மணிக்கு வேலையை விட்டுத் தூக்கறாங்களாம். அப்புறம் போலீஸ் கேஸாம். பொய்க் கையெழுத்துக்கு ஜெயில் உண்டாமே, நிஜமா?"

"உண்டு" என்றார் ஆய்வாளர். பொய் சொல்லி ஆறுதல்படுத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "சரி அக்கா. பார்த்துட்டு எழுதுங்க. அது போதும்."

உள்ளே மேனேஜர் காத்திருந்தார். அவருக்குப் பணிமனையில் கடிகாரம் என்று பெயர். ஒரு வண்டி எத்தனை விநாடி தாமதம் என்பதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவர் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

"பதினொண்ணு நாப்பதுக்கு வர்றேன்னீங்க மேடம். இப்போ பதினொண்ணு ஐம்பத்திரண்டு."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன்."

"பாவம்தான் அந்தம்மா." அவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "எல்லாம் தயாரா இருக்கு. நாலு மணிக்கு நிர்வாகக் கூட்டம். உங்க அறிக்கையில ஒரே ஒரு வரி வேணும். 'சோதனை செய்யாமல் பொய்ப் பதிவு.' அவ்வளவுதான். கம்பெனியில கோளாறு இல்லை, உங்க மேற்பார்வையிலயும் கோளாறு இல்லை. ஒரு ஆள் சோம்பேறித்தனம்."

"கதவைப் பார்க்கவே இல்லையே நான்."

"பாருங்க, தாராளமா பாருங்க. அந்த வண்டி நீங்க சீல் வெச்சபடியே நிக்குது, ஒரு ஈ கூட உள்ளே போகலை. கட்டையை வெச்சுப் பாருங்க. திறக்காது. திறக்காதுன்னா அன்னிக்குக் காலையிலயும் திறந்திருக்காது. திறக்காத கதவுக்கு 'சரி' போட்டிருக்கான். அப்புறம் பேச என்ன இருக்கு?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

*

ஷெட்டில் கதவுக்காரர் வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தார். சீருடையைப் பிடுங்கிக்கொண்டதால் வீட்டுச் சட்டையில் வந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் மாதிரி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்."

"அன்னிக்குக் காலையில இந்தக் கதவைச் சோதிச்சீங்களா?"

"சோதிச்சேன்."

"எப்படி?"

"எப்பவும் போலத்தான். கட்டையை நடுவுல பிடிச்சேன், மூடச் சொன்னேன், கட்டையில பட்டதும் திறந்துச்சு. ஒரு வண்டிக்கு இருபத்துநாலு கதவு. இருபத்துநாலையும் பார்த்தேன்."

"இருபத்துநாலு கதவை நாப்பது நிமிஷத்துல பார்த்தானாம்" என்றார் மேனேஜர்.

"முப்பத்தஞ்சு நிமிஷத்துல முடின்னு நீங்கதானே சார் சொல்வீங்க? நான் அஞ்சு நிமிஷம் அதிகம் எடுத்ததுக்கு மெமோ கூடக் கொடுத்திருக்கீங்க."

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் சீலை உடைத்து உள்ளே ஏறினார். கதவுக்காரர் சோதனைக் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு முழ நீளம், பட்டையான மரம். ஒரு முனையில் கைப்பிடி. கைப்பிடியில் ஆய்வாளர் அலுவலகத்தின் முத்திரையைச் சூடு போட்டுப் பதித்திருந்தார்கள். கைப்பிடிக்குக் கீழே முழுவதும் சிவப்பு ரப்பர் உறை. எல்லாப் பணிமனைகளிலும் இதே கட்டைதான். முத்திரை இல்லாத கட்டையால் சோதித்தால் அது சோதனையே ஆகாது.

"நான் பிடிக்கிறேன். நீங்க மூடுங்க."

கதவுக்காரர் டிரைவர் அறைக்குப் போனார். மணி அடித்தது. இரண்டு பலகைகளும் நகர்ந்து வந்து கட்டையைத் தொட்டன. தொட்ட அடுத்த நொடி விலகின. கதவுக்கு மேலிருந்த மஞ்சள் விளக்கு மினுக்கியது.

"திறந்துடுச்சே" என்றார் மேனேஜர்.

"இன்னொரு தரம்."

திறந்தது. மேலே பிடித்தார், கீழே பிடித்தார், விரல்கள் மாட்டிய உயரத்தில் பிடித்தார். பத்துத் தரமும் திறந்தது. மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. கதவுக்காரர் டிரைவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் மேடம் திறந்துச்சு."

ஆய்வாளர் பெட்டியின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. கதவும் சரியாக இருக்கிறது. அப்படியானால் ஆஸ்பத்திரியில் கிடக்கிற அந்தக் கை?

மேனேஜர் சமாளித்துக்கொண்டார். "அப்போ நல்லதாப் போச்சு மேடம். கதவும் சரி, இவனும் சரி. அந்தம்மாதான் மூடற கதவுல கையை விட்டிருக்காங்க. 'பயணியின் கவனக்குறைவு.' இன்னும் சுலபம்."

"கையை விட்டா திறக்கணும் சார். அதுக்குத்தான் இத்தனை ஏற்பாடும்."

"திறக்குதே, இப்போ பார்த்தீங்களே."

"கட்டைக்குத் திறக்குது."

சொன்ன பிறகுதான் சொன்னது ஆய்வாளருக்கே காதில் விழுந்தது. எழுந்து கதவருகே போனார். கட்டையை இருக்கையில் வைத்தார். வலது கை ஆள்காட்டி விரலைக் கதவு மூடுகிற இடத்தில் நீட்டினார்.

"மூடுங்க."

"மேடம், விளையாடாதீங்க" என்றார் மேனேஜர்.

"நான் மூட மாட்டேன் மேடம்" என்று கதவுக்காரரின் குரல் வந்தது.

"திறக்கும்னு நீங்கதானே சொல்றீங்க. மூடுங்க. இது உத்தரவு."

மணி அடித்தது. பலகைகள் நகர்ந்து வந்தன. விரலைத் தொட்டன. விலகவில்லை. மெதுவாக, கதவு மூடுவது போலவே மூடின. உள்ளே எங்கோ கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. கதவுக்கு மேலே மஞ்சள் அணைந்து பச்சை விளக்கு எரிந்தது.

பச்சை என்றால் எல்லாக் கதவும் பூட்டியாயிற்று, வண்டி கிளம்பலாம் என்று அர்த்தம்.

ஆய்வாளர் அந்த விளக்கைப் பார்த்தபடி நின்றார். வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்தப் பச்சை. ஒரு மனுஷியின் விரல் உள்ளே இருக்கிறது, அந்த விளக்குக்கு ஒரு சலனமும் இல்லை.

"திறங்க" என்றார்.

"அடேய், திற" என்று மேனேஜர் வாழ்க்கையில் முதல் தரமாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் கத்தினார்.

கதவு திறந்தது. கதவுக்காரர் ஓடி வந்தார். விரல் செக்கச்சிவந்து, இரண்டு பக்கமும் கோடு விழுந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். இருக்கையில் கிடந்த கட்டையைப் பார்த்தார். அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்று மேனேஜர் கேட்டார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

"என் பையில வெர்னியர் இருக்கு, எடுங்க."

இடது கையால்தான் அளந்தார். கட்டையின் கனம் பதினெட்டு மில்லி.

"பன்னிரண்டு இருக்கணுமே" என்றார் மேனேஜர். "கைப்பிடியிலயே போட்டிருக்கே பன்னிரண்டுன்னு."

ஆய்வாளர் ரப்பர் உறையைப் பிடித்து இழுத்தார். உரிந்து வந்தது. வெறும் மரத்தை அளந்தார். பன்னிரண்டு. உறையின் கனம் பக்கத்துக்கு மூன்று.

"வருஷா வருஷம் உங்க ஆபீஸ்ல அளந்து முத்திரை போட்டுத்தானே அனுப்பறீங்க?" என்றார் மேனேஜர்.

"அளக்கிறேன்." ஆய்வாளர் கழற்றிய உறையைப் பார்த்தார். "நானேதான் அளக்கிறேன். மரத்தோட கனத்தை அளக்கணும்னு விதி. அதனால உறையைக் கழற்றிட்டு அளப்பேன். பன்னிரண்டு இருக்கும். சரின்னு எழுதுவேன். அப்புறம்…"

"அப்புறம்?"

"உறையை மறுபடி மாட்டி அனுப்பிடுவேன்."

*

உறை எப்போது வந்தது என்று பார்க்கக் கோப்பு வேண்டியிருந்தது. மேனேஜரின் அறையில் அது சுலபமாகவே கிடைத்தது. நான்கு வருஷத்துக்கு முந்தைய கடிதம், இரண்டே வரி. சோதனைக் கட்டை கதவு விளிம்பைக் கீறுவதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளதால், கட்டைக்கு ரப்பர் உறை அணிவிக்க இந்த அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை. கீழே ஆய்வாளரின் கையெழுத்து.

அன்றைக்கு இதை எழுதும்போது ஒரு நல்ல காரியம் செய்த திருப்திகூட அவருக்கு இருந்தது. அரசாங்க அலுவலகம் என்றால் எதற்கெடுத்தாலும் முடியாது என்று சொல்லும் என்கிற பேச்சு அப்போது கொஞ்சம் அதிகமாக இருந்தது.

"யார் கேட்டதுக்கு இதை எழுதினேன்? கம்பெனியிலருந்து ஒரு லெட்டர் வந்திருக்குமே."

மேனேஜர் பக்கத்தைப் புரட்டப் போனார்.

"தேட வேண்டாம் சார்" என்றார் கதவுக்காரர். அறை வாசலில் நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. "கேட்டது நான்தான். புது வண்டி வந்த புதுசு. கட்டை பட்டுப் பட்டுக் கதவு ஓரமெல்லாம் கோடு விழுந்துச்சு. பார்க்க மனசு கேட்கலை. ரப்பர் போட்டா நல்லாயிருக்கும்னு எழுதிக் கொடுத்தேன்."

ஆய்வாளர் கடிதத்தின் தேதியை மறுபடி பார்த்தார்.

"ஆனா கதவு முதல்ல விரலுக்கும் திறந்துச்சே" என்றார் ஆய்வாளர். "பை வாருக்கே திறந்துச்சு. வண்டி லேட்டாகுதுன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு."

கதவுக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சன்னலைப் பார்த்தார்.

"ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எட்டு விநாடி, பத்து விநாடி போச்சு மேடம்" என்றார் கடைசியில். "கட்டைக்குத் திறந்தா போதும், அதுக்கு மேல கதவுக்குத் தொட்டாச்சிணுங்கி ரோஷம் வேண்டாம், குறைச்சு வைன்னு சொன்னேன். விதிக்கு உட்பட்டுத்தான் சொன்னேன். கட்டைதானே விதி?"

"எந்தெந்த வண்டியில குறைச்சீங்க?"

"எல்லாத்துலயும்" என்றார் கதவுக்காரர். "நான்தான் மேடம் வெச்சேன். ரெண்டு மாசம் ஆச்சு. கட்டைக்குத் திறக்கும், கட்டைக்குக் கொஞ்சம் கம்மின்னா திறக்காது. எல்லாக் கதவும் ஒரே மாதிரி. ஒரு நூல் பிசகாது."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வேலை தெரிந்தவனின் பெருமை ஒரு கணம் வந்துவிட்டது. வந்ததை அவரே உணர்ந்து வாயை மூடிக்கொண்டார்.

"இப்போ லைன்ல எத்தனை வண்டி ஓடுது?"

"முப்பத்தொண்ணு" என்றார் மேனேஜர். பிறகு, கேள்வி எதற்கென்று புரிந்து, "மேடம்…" என்றார்.

ஆய்வாளர் மேசைமேலிருந்த போனை எடுக்கக் கை நீட்டினார்.

மேனேஜர் எழுந்து வந்து போனின் மேல் உள்ளங்கையை வைத்தார். முரட்டுத்தனமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. "ஒரு நிமிஷம் உக்காருங்க. நான் சொல்றதைக் கேளுங்க. இது மூணு பேருக்குத்தான் தெரியும். உறையை நான் இப்பவே கழற்றி எரிச்சுடறேன். இன்னிக்கு வண்டி எல்லாம் ஷெட்டுக்குத் திரும்பினதும் ஒண்ணொண்ணா கதவைச் சரி பண்ணிடலாம். ஒரு வாரத்துல முடிஞ்சுடும். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"இந்த ஒரு வாரம்?"

"நாலு வருஷத்துல ஒரே ஒரு தரம்தானே நடந்திருக்கு."

"குறைச்சு வெச்சு ரெண்டு மாசம்தான் ஆகுதுன்னு இப்பத்தானே சொன்னார்."

மேனேஜர் பேச்சை மாற்றினார். "உங்களுக்கு ரிட்டையராக இன்னும் எவ்வளவு காலம் இருக்கு?"

"பதினாலு மாசம்."

"பதினாலு மாசம். அந்த லெட்டர்ல உங்க கையெழுத்து இருக்கு. பென்ஷனை நிறுத்தினாலும் நிறுத்துவாங்க. யோசிச்சுப் பாருங்க மேடம். அவன் பேர்ல ஒரு வரி எழுதினா எல்லாம் அடங்கிடும். அவனுக்கு வேற இடத்துல வேலை நானே பார்த்துத் தர்றேன். கேஸ் ஒண்ணும் நிக்காது."

கதவுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே அவருக்கு உறைத்த மாதிரி தெரியவில்லை. தன் இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசிக்கவில்லை என்று ஆய்வாளர் சொல்ல முடியாது. யோசித்தார். ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம். தையல்காரியின் நடுவிரல் நுனியை யோசித்தார். வாசலில் நீலச் சட்டையோடு நிற்கிற பெண்ணை யோசித்தார். தன் வீட்டை, பாதி கட்டி நிற்கிற மாடியை, அதில் குடிவருகிறேன் என்று சொல்லியிருக்கிற மகளையும் யோசித்தார்.

பிறகு மேனேஜரின் கையைப் பிடித்து, போனின் மேலிருந்து எடுத்து, அவர் மேசையிலேயே திரும்ப வைத்தார்.

"கன்ட்ரோல் ரூமா? பாதுகாப்பு மேற்பார்வை ஆய்வாளர் பேசறேன். லைன்ல இருக்கிற எல்லா வண்டியையும் அடுத்த ஸ்டேஷன்ல நிறுத்தி ஆளுங்களை இறக்கிடுங்க."

"எல்லா வண்டியையுமா?" அந்தப் பக்கத்துக் குரல் கொட்டாவியைப் பாதியில் விழுங்கியது. "எந்த லைன் மேடம்?"

"ஓடற எல்லாத்தையும். முப்பத்தொண்ணையும்."

"மேடம், மணி ஒண்ணே முக்கால். இன்னும் ஒரு மணி நேரத்துல ஸ்கூல் விடுவாங்க."

"அதனாலதான் இப்பவே சொல்றேன்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல ஏதாவது எழுதணுமே. தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுக்கட்டுமா? எப்பவும் அதுதான் போடுவோம்."

"வேண்டாம். எழுதுங்க. கதவுச் சோதனைக் கட்டையின் அளவு தப்பு."

"தப்பு" என்று எழுதுகிற குரல்.

"அந்தக் கட்டையை அனுமதிச்சது மேற்பார்வை ஆய்வாளர்."

"ஆய்வாளர்… மேடம், அது நீங்கதானே?"

"நான்தான்."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இதை எப்படி மேடம் நான் எழுதறது?"

"சொன்னபடியே எழுதுங்க. கீழே என் பேரைப் போடுங்க."

போனை வைத்தபோது அவருடைய சிவந்த விரல் துடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "முடிஞ்சுது" என்றார். "என் கதையும் முடிஞ்சுது, உங்க கதையும் முடிஞ்சுது." நாலு மணிக் கூட்டத்துக்குத் தயார் செய்த தாள் மேசையில் இருந்தது. ஆய்வாளர் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அறிக்கையின் முதல் வரியை எழுதினார். கதவு மெக்கானிக் அன்று காலை சோதனை செய்தார். அவர் செய்த பதிவு உண்மை. எழுதியதைக் கதவுக்காரரிடம் காட்டினார்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"உறை போடச் சொல்லிக் கேட்டது நான்னு எழுதலையே மேடம்."

"ரெண்டாவது வரியில வரும். அனுமதிச்சது நான்னு மூணாவது வரி. ரோஷத்தைக் குறைக்கச் சொன்னது யாருன்னு நாலாவது வரி."

"அதை அப்படியே எழுதுவீங்களா?" என்றார் மேனேஜர்.

"நீங்க சொன்ன வார்த்தையிலயே எழுதுவேன்."

*

முதல் வண்டி இரண்டரை மணிக்கு ஷெட்டுக்குள் வந்தது. இருக்கைகளில் யாரோ விட்டுப்போன செய்தித்தாள், ஒரு குடை. டிரைவர் இறங்கி, என்ன ஆச்சு அண்ணே என்று கதவுக்காரரிடம் கேட்டார். அவர் கதவுகளைப் பார்த்தபடி நடந்தார்.

"சஸ்பெண்ட்ல இருக்கிற ஆளு வண்டியைத் தொடக் கூடாது மேடம்" என்று மேனேஜர் ஒப்புக்குச் சொன்னார்.

"வேற யாருக்கு இந்தக் கதவெல்லாம் தெரியும்?"

மேனேஜர் போய் டிரைவர் அறையில் ஏறிக்கொண்டார். மூடுகிற பொத்தானை அழுத்த ஒரு ஆள் வேண்டுமே.

கதவுக்காரர் உறை உரித்த கட்டையை வாங்கிக்கொண்டார். வெறும் மரம், நான்கு வருஷமாக அதிகம் வெளிச்சம் படாமல் புதுசு போலவே வெளுப்பாக இருந்தது. முதல் கதவின் நடுவில் பிடித்தார். மணி அடித்தது. பலகைகள் வந்தன, கட்டையைக் கவ்வின, கொக்கி விழுந்தது.

கட்டை கதவிலேயே நின்றது. அவர் கையை எடுத்துவிட்டார். அப்போதும் நின்றது.

"ஒண்ணாவது கதவு" என்றார். "பச்சை. எழுதுங்க மேடம்."

ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்து எழுதினார். விரல் மடங்க மறுத்ததால் எழுத்து கோணியது.

"ரெண்டாவது. பச்சை."

"ம்."

"மூணாவது. பச்சை."

ஏழாவது கதவில் டிரைவர், "அண்ணே, நிஜமாவே இப்படித்தான் ஓட்டிக்கிட்டிருந்தேனா?" என்று கேட்டார். காலையிலிருந்து நான்கு நடை ஓட்டியிருந்தார். கதவுக்காரர் எட்டாவது கதவுக்கு நகர்ந்ததும் டிரைவர் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டு. பதின்மூன்று. ஒவ்வொன்றும் பச்சை. ஒரு கதவாவது திறக்கும், ஒன்றாவது தப்பித்திருக்கும் என்று ஆய்வாளர் எதிர்பார்த்தது, எதிர்பார்ப்பு நின்றுபோன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கதவுக்காரர் அத்தனை நேர்த்தியாக வேலை பார்த்திருந்தார்.

பதினேழாவது கதவின் முன் கதவுக்காரர் நின்றுவிட்டார். கட்டை கையில் இருந்தது. தூக்கவில்லை.

"என்னங்க?"

"இன்னிக்குக் காலையில இந்த வண்டியை நான் பார்க்கலை மேடம். சஸ்பெண்ட்ல இருந்தேன். ஆனா போன வாரம் பூரா நான்தான். ஒவ்வொரு கதவுக்கும் 'சரி'ன்னு எழுதினேன்."

"நீங்க எழுதினது பொய் இல்லை. அதைத்தான் அறிக்கையிலயும் போட்டிருக்கேன்."

"பொய் எழுதியிருந்தா இன்னிக்கு மன்னிப்புக் கேட்டிருப்பேன் மேடம்." அவர் கதவைப் பார்த்தபடியே பேசினார். "அந்தத் தையல்காரம்மாகிட்டப் போய் நான் என்னன்னு சொல்றது? பார்த்துத்தாம்மா எழுதினேன்னா?"

ஆய்வாளர் பேனாவை இறக்கினார். அவரும் பார்த்துத்தான் எழுதியிருந்தார், வருஷா வருஷம், வெர்னியரைக் கண்ணருகே வைத்து.

"ரெண்டு பேருமாப் போவோம்" என்றார் கடைசியில். "என்ன சொல்றதுன்னு போற வழியில யோசிச்சுக்கலாம். இன்னும் எட்டு கதவு இருக்கு. வெளியே அடுத்த வண்டி வந்து நிக்குது."

டிரைவர் அறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கதவுக்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டையைத் தூக்கினார். மணி அடித்தது.

"பதினேழாவது" என்றார். "பச்சை."

"எழுதிட்டேன்."